மரியாடிபி டேட்டாபேஸ்ல குரூப் கமிட் (பல டிரான்சாக்‌ஷன ஒண்ணா சேத்து பின்லாக்ல, அதாவது மாற்றங்கள பதியுற பைனரி லாக்ல, கமிட் பண்றது) வேலை செய்யுதான்னு சட்டுனு பாக்க

டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு தடவ பின்னாடி ஒரு தடவ ஷோ குளோபல் ஸ்டேட்டஸ் (சர்வரோட கவுண்டர்கள காட்டுற கமாண்ட்) போட்டு, பின்லாக்_கமிட்ஸ் எவ்ளோ கூடிருக்கோ அத பின்லாக்_குரூப்_கமிட்ஸ் கூடுனதால வகுத்துடுங்க, ஒரு குரூப்புக்கு சராசரியா எத்தன டிரான்சாக்‌ஷன் சேருதுன்னு கைல வந்துரும், டிபிஎஸ் (செகண்டுக்கு எத்தன டிரான்சாக்‌ஷன்) மட்டும் பாத்தா இது தெரியாது. எல்லா கனெக்‌ஷனும் ஒரே ரோ-வ அப்டேட் பண்ணா 1 கிட்டயே நிக்கும், ஏன்னா முத டிரான்சாக்‌ஷன் கமிட் முடியுற வரைக்கும் ரோ லாக்க விடாது, அடுத்தது அதே குரூப்ல ஏறவே முடியாது. அதனால வேற வேற ரோ-ல ஒரு ஓட்டம், ஒரே ரோ-ல ஒரு ஓட்டம்னு ரெண்டும் கண்டிப்பா ஓட்டுங்க. பின்லாக்_கமிட்_வெயிட்_கவுண்ட் (குரூப்புல இத்தன கமிட் சேர காத்திருக்க சொல்ற செட்டிங்) வச்சிருக்கவங்க பின்லாக்_குரூப்_கமிட்_டிரிகர்_லாக்_வெயிட்டும் பாருங்க, லாக்குக்கு வேற ஆளு நிக்குதுன்னு குரூப்ப சீக்கிரமே கமிட் பண்ணி விட்ட கணக்கு அது, ரொம்ப உபயோகமான நம்பர். பின்லாக் ஆஃப்ல இருந்தா இதுக எதுவும் நகராது, ஒரே கனெக்‌ஷன்ல ஓட்டுனாலும் பிரயோஜனம் இல்ல.