படகின் பின்பலகையில் தண்ணீர் கசிகிறதா? கண்டுபிடித்து அடைக்கும் விதம்

திருகோணமலையில் பைபர் படகு வைத்திருக்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆள் ஏற்றுபவராக இருந்தாலும் சரி, விடிய வலை எடுக்கப் போகிறவராக இருந்தாலும் சரி, "கொஞ்சம் தண்ணி வரும் தம்பி, இறைச்சு விட்டால் சரி" என்றுதான் சொல்லுவார்கள். நானும் இரண்டு சீசன் இறைத்துக்கொண்டுதான் திரிந்தேன். மூன்றாவது சீசனில் ஒருநாள் அலையில் ஏறி விழும்போது திரும்பிப் பார்த்தால் எஞ்சினும் அதைக் கொழுவியிருக்கிற பின்பலகையும் சேர்ந்து ஆடுகின்றன.

பின்பலகை முழுக்க பைபர் என்றுதான் புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலான படகுகளில் அது பிளைவூட். இரண்டு பக்கமும் பைபர் தோல் போர்த்தியிருக்கும், அவ்வளவுதான். தோலுக்குள் தண்ணீர் போகாது. ஆனால் எஞ்சின் போல்ட், தக்கைக் குழாய் (கரையில் படகுத் தண்ணீரை வடிய விடுகிற துளை, கடலில் தக்கையால் அடைத்திருக்கும்), மீன் காட்டும் கருவியின் சின்னச் சின்ன ஸ்குரூ என்று நாம் போடுகிற ஒவ்வொரு துளையும் மரத்துக்கு ஒரு வாசல். அதில் ஏறக்குறைய 70 கிலோ எடையில் 40 குதிரைவலு எஞ்சினையும் கொழுவிவிட்டு ஓடினால், ஒவ்வொரு அலைக்கும் போல்ட் கொஞ்சம் அசையும், வாசல் கொஞ்சம் பெரிதாகும். படகுக்குள் வருகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், வாளியால் இறைத்துவிடலாம். மரத்துக்குள் ஊறுவதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

முதலில் நக்கிப் பாருங்கள்

சிரிக்க வேண்டாம். அடியில் நிற்கிற தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வையுங்கள் (பெட்ரோல், ஒயில் மிதந்தால் வேண்டாம், அதன் மணமே போதும்). உப்புக் கரிக்கவில்லை என்றால் அது மழைத் தண்ணீர், நீங்கள் தேடுகிற ஓட்டை பின்பலகையில் இல்லை. உப்பாக இருந்தால் முதல் சந்தேகம் தக்கைமேல். ரப்பர் வெடித்திருக்கிறதா, புரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? படகைக் கரைக்கு இழுத்து, அடியில் மணலை நன்றாக அணைத்துக் கொடுத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். வெளிப்பக்கத்தைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, போல்ட் தலைகளைச் சுற்றியும் தக்கைக் குழாயைச் சுற்றியும் பின்பலகையும் அடிப்பாகமும் சேரும் மூலைகளிலும் சோக்குத் தூள் பூசுங்கள். தக்கையை இறுக்கிவிட்டு, கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரைப் படகுக்குள் ஊற்றுங்கள். சந்தேகமான துளைகள் மூழ்கினால் போதும், நிரப்பவேண்டாம். பத்து வாளி ஊற்றினாலே கிட்டத்தட்ட 100 கிலோ. அப்புறம் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

சோக்கில் நிறம் ஊறுகிற இடம்தான் ஓட்டை. ஆனால் எனக்கு நடந்தது வேறு. தண்ணீர் உள்ளே கீழ்ப்பகுதியில்தான் நின்றது. வெளியே தக்கைக் குழாயைச் சுற்றி மஞ்சளாக ஒன்றும் வரவில்லை. தேநீர் நிறத்தில் ஒரு கறுத்த சாறு சொட்டியது. அது நான் ஊற்றிய தண்ணீரே இல்லை, முன்பே மரத்தில் ஊறியிருந்தது. உங்களுக்கும் அப்படி வந்தால் பசை வாங்க ஓடாதீர்கள், அடுத்த சோதனையைச் செய்யுங்கள்.

மரம் உயிரோடு இருக்கிறதா?

ஸ்குரூடிரைவர் பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல மரம் "டக் டக்" என்று சொல்லும், உளுத்த மரம் "தொப்" என்று அமுங்கும். தொப் என்கிற இடத்தில் உட்பக்கமாக 5 மில்லிமீற்றர் டிரில்லால் மெதுவாகத் துளையுங்கள், மறுபக்கத் தோலைத் தொடக்கூடாது. வருகிற தூள் வெளிர் நிறமாக, காய்ந்து உதிர்ந்தால் தப்பித்தீர்கள். கறுப்பாக டிரில்லில் ஒட்டிக்கொண்டு, ஊறப்போட்ட தென்னை மட்டை மணம் அடித்தால் மரம் போய்விட்டது. அப்படியென்றால் தோலை வெட்டித் திறந்து பலகையையே மாற்றவேண்டும். அது முதல்முறை செய்கிறவருக்கான வேலை இல்லை, பைபர் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். எதுவானாலும் சோதனைத் துளைகளை அடைக்க மறக்கவேண்டாம்.

மரம் நல்லது, துளைதான் கசிகிறது என்றால் நாமே செய்யலாம்.

துளையை அடைத்து மறுபடி துளைப்பது

எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிப் பூட்டலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். எஞ்சினைப் பிடிக்க இரண்டு பேராவது வேண்டும். துளைகளை ஒருசில நாள் காயவிடுங்கள். ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும்போது மரம் அப்பளம் போலக் காயும், ஆனால் சீசனில் படகை யார் நிறுத்துவார்கள்? வாடையில் படகு சும்மா கிடந்தாலும் மழை விடாது. எனக்கு ஒத்துவந்தது மார்ச் மாதம்.

போல்ட் 12 மில்லிமீற்றர் என்றால் துளையை 20 வரை பெரிதாக்குங்கள். ஆமாம், பெரிதாக்கத்தான் சொல்கிறேன். வெளிப்பக்கம் டேப் ஒட்டி, முதலில் தண்ணியான எப்பொக்சியை (இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகுகிற பிசின்) துளையின் சுவரெல்லாம் குடிக்கும்படி பூசுங்கள். பிறகு எப்பொக்சியில் நிரப்புத் தூள் கலந்து, ரொட்டி மாவை விடக் கொஞ்சம் இளக்கமாகக் குழைத்து, காற்றுக்குமிழி இல்லாமல் அடையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்குங்கள். நான் ஒரு கோப்பை நிறையக் கலந்துவிட்டு நட்டைத் தேடிக்கொண்டிருந்தேன், நம்முடைய வெயிலில் அது கொதித்துப் புகைந்து கோப்பையையே உருக்கிவிட்டது. அகலமான ஐஸ்கிரீம் டப்பா மூடியில் பரப்பி வைத்தால் அவ்வளவு சூடேறாது. கையுறை கட்டாயம்.

ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, அதன் நடுவில் 12 மில்லிமீற்றர் துளை போடுங்கள். இனி போல்ட் எப்பொக்சிக்குள் போகிறது, பசை விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. வெளித்துளையின் விளிம்பைக் கொஞ்சம் சரிவாகத் தேய்த்துவிட்டால் பசை அதில் ஒரு வளையம் போலத் தங்கும்.

பசை என்றதும் குளியலறை சிலிக்கோனை எடுக்காதீர்கள். அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது, சுரண்டிச் சுரண்டிக் கை நோகும். தண்ணீருக்கு அடியில் போடக்கூடிய பொலியூரித்தேன் பசை கேளுங்கள், சிக்காஃப்ளெக்ஸ் 291 போல. த்ரீ எம் 5200 நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், நாளைக்குக் கழற்றவேண்டிய எஞ்சின் போல்ட்டுக்கு எனக்கு அது விருப்பமில்லை. அசிற்றோனால் துடைத்து, போல்ட் தலைக்கு அடியிலும் தண்டிலும் பசை தடவிச் செருகுங்கள். வெளியே ஒருவர் போல்ட்டை அசையாமல் பிடிக்க, உள்ளே நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட் சுற்றினால் பசை அறுந்துவிடும். பசை லேசாகப் பிதுங்கியதும் நிறுத்தி, அது இறுகிய பிறகு கடைசி இறுக்கு. உட்பக்கம் நான் பசை போடுவதில்லை. எப்போதாவது கசிந்தால் எனக்குத் தெரியட்டும், மரத்துக்குள் ஒளிந்திருக்க வேண்டாம்.

தக்கைக் குழாய் பித்தளை என்றால் கழற்றிப் பாருங்கள், உப்பு அரித்து விளிம்பு பொருக்காக உதிரும். மாற்றுகிறபோது அந்தத் துளையின் மர ஓரத்துக்கும், அதைப் பிடிக்கும் ஸ்குரூத் துளைகளுக்கும் இதே எப்பொக்சி வைத்தியம்தான்.

கடைசியாக, முழங்கால் ஆழத்தில் படகைக் கட்டி, உள்ளே பின்பலகை அடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து ஒரு மணிநேரம் விடுங்கள். தாள் காய்ந்திருந்தால் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு மறுபடி பாருங்கள், சில கசிவுகள் எஞ்சின் தள்ளும்போதுதான் திறக்கும். எனக்கு ஐந்தே நிமிடத்தில் தாள் மிதந்தது. நெஞ்சு திக்கென்றது. குனிந்து பார்த்தால் தக்கை இல்லை, சாவியோடு சேர்ந்து என் சட்டைப்பையில் கிடந்தது.