சோலார் போடும் முன் மாடி நிழலைப் பாருங்கள்: சேலம், ஏற்காட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்து வெயிலுக்கு யோசிக்காமல் போடலாம், ஏற்காட்டில் பனிமூட்டம், அங்கே சரிப்படாது. வீட்டு மாடியில் சோலார் போடும் பேச்சு எழுந்தாலே வருகிற தீர்ப்பு இது. ஊரை வைத்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. பார்க்க வேண்டியது உங்கள் கூரையையும் உங்கள் ஈபி பில்லையும்.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரி செல்சியஸில் சோதித்துத்தான் அதன் வாட் அளவைக் குறிக்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். சித்திரை மதியம் சேலத்து மொட்டை மாடியில் பேனல் 60 டிகிரியைத் தொடும். பத்து சதவீதத்துக்கு மேல் அங்கேயே போய்விடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டில், வானம் தெளிந்த தை, மாசி நாட்களில் அதே பேனல் தெம்பாக வேலை செய்யும்.

ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க மூட்டமாக இருந்தால் வழக்கத்தில் கால் பங்கு வருவதே கஷ்டம், உண்மைதான். ஆனால் கணக்கை வருஷத்துக்குப் போட வேண்டும். ஜெர்மனி நமக்கு வெகு வடக்கே, 50 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. அங்கே டிசம்பரில் கிடைப்பது ஜூனில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. அப்படியிருந்தும் அந்த நாட்டில் நிறுவிய சோலார் திறன் 100 கிகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஒரு கிலோவாட் பேனல் அங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 யூனிட் தரும். சேலத்தில் 1,500 யூனிட் பக்கம் வரும். ஏற்காட்டில் அதைவிடக் குறையும், ஆனால் மூட்டத்தை மட்டும் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

அதற்காக ஜெர்மனி மாதிரி வடக்கே இருக்கிற நாடுகளின் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்வதும் ஆகாது. அங்கே உச்சி வேளைச் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமே நிற்கும். அதனால் 30, 35 டிகிரி சாய்வு வைப்பார்கள். வடக்கே நிற்கும் மரத்தைக் கண்டுகொள்ள மாட்டார்கள். சேலம் கிட்டத்தட்ட 11.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. தெற்கே பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வு நமக்குப் போதும். சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நம் ஊரில் உச்சி வேளைச் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். வடக்கு மூலையில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் நிழல் அந்த மாதங்களில் காலையும் மாலையும் தெற்கே நீண்டு பேனல் மேல் படியும். தென்பக்கம் திறந்திருக்கிறது, நிழலே இல்லை என்று சொல்பவர்கள் பலரும் மார்கழியில் மட்டும் பார்த்தவர்கள்.

நிழலை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பேனலுக்குள் வெளிச்சத்தைக் கரன்ட்டாக மாற்றுகிற செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன. டிஷ் ஆன்டெனாவின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பகுதி வேலை செய்யாமல் போகலாம். சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்குத் தொட்டி, மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டுத் தென்னை என்று எல்லா நிழலின் விளிம்பிலும் கோடு போடுங்கள். மற்ற மாதங்களுக்குச் சூரியப் பாதையைக் காட்டும் போன் செயலி இருக்கிறது. கோடு விழாத இடம் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும்.

ஏற்காட்டில் பனியைவிடப் பெரிய சிக்கல் சில்வர் ஓக். காப்பித் தோட்டத்துக்கு நிழலுக்காகவே நட்ட மரம், மிளகுக் கொடியைச் சுமந்துகொண்டு நெடுநெடுவென வளரும். இன்று எட்டாத நிழல் ஐந்து வருஷத்தில் கூரைக்கு வந்துவிடும். பேனலோ 25 வருஷம் இருக்க வேண்டியது. மரம் பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது என்றால் முதலில் அவரிடம் பேசுங்கள். அவர் கிளை கழிக்க ஒப்பவில்லை என்றால் சோலாரை விட்டுவிடுவதே நல்லது. பேனலுக்காக மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணங்குறிச்சி மாதிரி மலையடிவாரத்தில், காலைச் சூரியனை மலை கொஞ்ச நேரம் மறைப்பதைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டாம். அந்த நேரத்து உற்பத்தி சொற்பம்.

அடுத்தது பில். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். 200 யூனிட்டுக்குள் முடிகிற வீட்டுக்குப் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். 500-ஐத் தாண்டுகிறவர்களுக்குக் குறைந்த யூனிட்டுக்கான கட்டணச் சலுகையும் குறைந்துவிடும். அவர்களுக்குத்தான் லாபம் தெளிவாகத் தெரியும். வாரக்கடைசியில் மட்டும் திறக்கிற ஏற்காட்டு வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். உள்நாட்டில் செய்த செல் உள்ள பேனலாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு வாங்கினால் மானியம் கிடைக்காது.

சோலார் வந்தால் கரன்ட் போகாது என்ற நம்பிக்கை இன்னொரு தவறு. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைக்கிற ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரன்ட் நின்றதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்கான பாதுகாப்பு அது. காற்றில் மரம் சாய்ந்து லைன் அறுகிற மலையில் இது முக்கியம். மின்தடைக்காகவே போடுகிறீர்கள் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் விலையைக் கேளுங்கள். குளிருக்கு வெந்நீர்தான் பெரிய செலவு என்றால் சோலார் வாட்டர் ஹீட்டர் தனிச் சாமான், அதற்கு இடமும் குறைவு.

ஓட்டு வீடு என்றால் கைமரத்தை ஆசாரியைக் கூட்டிவந்து தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பேனலே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். அப்புறம், சேலத்தில் போர் தண்ணீரால் கழுவிக் காயவிட்டால் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன், மழைநீரோ நல்ல தண்ணீரோ விட்டு மெல்லிய துணியால் துடைத்து எடுங்கள்.