ஹோட்டலில் இடறிய ஐயாம்பிக் பென்டாமீட்டர்

வெண்பா எழுதிப் பழகிய திமிரில்தான் ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்ற ஆங்கிலச் செய்யுள் யாப்பில் கை வைத்தேன். வரிக்குப் பத்து அசை, லேசு–அழுத்தம் என்று ஐந்து ஜோடி. இதென்ன பிரமாதம்!

‘த ஹோட்டல் காஃபி வாஸ் ஆல்ரெடி கோல்ட்’ என்று எழுதினேன். விரல் விட்டு எண்ணினால் பத்து, சரியாகத்தான் இருந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் தோழி வாசித்தபோது மூன்றாவது அசையிலேயே தடுக்கி விழுந்தாள்.

என் காது நேர், நிரை என்று குறில் நெடில் பார்த்தே பழகியது. ‘ஹோ’ நெடிலாயிற்றே, அழுத்தம் அங்கேதான் என்று நினைத்துவிட்டேன். ஆங்கிலத்தில் அழுத்தம் ‘டெல்’ மேல்! (நாற்பது வருஷமாகத் தப்பாகவே சொல்லியிருக்கிறேன்.)

அதன்பின் சந்தேகம் வரும் சொல்லையெல்லாம் அகராதியில் பார்த்தேன். உச்சரிப்புக் குறிப்பில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்த இடத்தில் மட்டும் மேஜையைத் தட்டி, வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.

வரியும் மாறியது: ‘த காஃபி இன் த ஸ்மால் ஹோட்டெல் வாஸ் கோல்ட்.’ கா, இன், ஸ்மால், டெல், கோல்ட். ஐந்து தட்டு. ‘இன்’ கொஞ்சம் நோஞ்சான்தான். தோழி அதை மன்னித்துவிட்டாள்.