சோலை ஓரத்துக்கு ஒரு ஒலிப்பதிவுப் பெட்டி: டபிள்யூஎம் 8731 சிப்பை அமைக்கும் விதம்

கோத்தகிரியில் டிவியும் ஆம்ப்ளிஃபையரும் ரிப்பேர் பார்க்கிறேன். நீலகிரிச் சிரிப்பானின் குரலைப் பதிவு செய்ய வேண்டும் என்று சில பிள்ளைகள் பெட்டி கேட்டு வருகிறார்கள். அந்தப் பறவை இந்த மலையின் உயரங்களில் மட்டுமே வாழ்வது. அதன் குரலைச் சேர்த்து வைக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன். வந்ததும் அவர்கள் கேட்பது, "எவ்வளவு பெரிய பேட்டரி போடலாம் அண்ணா?" பேட்டரியை அப்புறம் பார்ப்போம். ஒலியைப் பதியும் சிப்புக்குள் வேலையில்லாத பகுதிகளை மூடிவிட்டீர்களா? கரண்ட் வீணாவது அங்கேதான்.

அந்தச் சிப்பைக் கோடெக் என்பார்கள். அது மைக்கிலிருந்து வரும் சின்ன வோல்டேஜை எண்களாக மாற்றும். எண்களைத் திரும்ப ஒலியாக்கவும் செய்யும். நான் எடுத்துக்கொள்வது வுல்ஃப்சன் நிறுவனத்தின் டபிள்யூஎம் 8731. எடின்பரோவில் இருந்த அந்த நிறுவனத்தை 2014-இல் சிரஸ் லாஜிக் வாங்கியது. பழைய சிப்தான். ஆனால் ரிஜிஸ்டர்கள் (அமைப்புகளை எழுதி வைக்கும் எண்ணிட்ட இடங்கள்) கொஞ்சம், பாடம் படிக்க இதைவிடத் தோதானது கிடையாது. ஒலி எண்கள் ஐ2எஸ் கம்பிகளில் போகும். கட்டளைகள் கன்ட்ரோலரிலிருந்து (உங்கள் புரோகிராம் ஓடும் சிப்) ஐ2சி-யின் இரண்டு கம்பிகளில் வரும்.

கட்டளை அனுப்பும் முறை சற்று விசித்திரம். ரிஜிஸ்டர் எண்ணுக்கு 7 பிட், மதிப்புக்கு 9 பிட், ஆக 16 பிட்டை இரண்டு பைட்டாக அனுப்ப வேண்டும். மதிப்பின் மேல் பிட் முதல் பைட்டின் கடைசியில் போய் உட்காரும். 6-ஆம் ரிஜிஸ்டரில் 0 0111 1001 எழுத வேண்டுமானால், முதல் பைட் 00001100, இரண்டாவது 01111001. எழுதியதை இந்தச் சிப்பிலிருந்து திரும்பப் படிக்க வழியே இல்லை. ஆகவே எழுதும் ஒவ்வொரு மதிப்பையும் உங்கள் புரோகிராமிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான இடம். 6-ஆம் ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பிட்டும் ஒரு அறையின் சுவிட்ச். 1 போட்டால் அந்த அறை அணையும். கடைசி பிட்டிலிருந்து எண்ணுங்கள்: லைன் இன், மைக், ஏடிசி (ஒலியை எண்ணாக்குவது), டிஏசி (எண்ணை ஒலியாக்குவது), அவுட்புட், ஆஸிலேட்டர், கிளாக் அவுட், கடைசியாக மொத்தச் சிப். காட்டில் வைக்கும் பெட்டிக்குப் பதிவு மட்டும்தான் வேலை. ஹெட்ஃபோனில் யாரும் கேட்கப் போவதில்லை. எனவே மைக், ஏடிசி, மொத்தச் சிப் என்ற மூன்று சுவிட்சுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அணைக்கலாம். சிப் ஓடத் தேவையான 12.288 மெகாஹெர்ட்ஸ் கிளாக் துடிப்பைக் கன்ட்ரோலரே கொடுத்தால் ஆஸிலேட்டரும் வேண்டாம். அப்படித்தான் மேலே சொன்ன 0 0111 1001 வருகிறது. கிரிஸ்டலை நேரே சிப்பில் மாட்டியிருந்தால் 0 0101 1001.

வரிசை இது. 15-ஆம் ரிஜிஸ்டரில் பூஜ்யம் எழுதி ரீசெட் செய்யுங்கள். அடுத்து 6-ஆம் ரிஜிஸ்டர். பிறகு 4-இல் 0 0000 0101: மைக் உள்ளீடு தேர்வாகிறது, அதன் மியூட் நீங்குகிறது, 20 டெசிபெல் பூஸ்ட் சேர்கிறது. தூரத்துக் குரலுக்கு அந்த பூஸ்ட் தேவை. 5-ஐத் தொட வேண்டாம். ரீசெட்டுக்குப் பிறகு, மிகத் தாழ்ந்த அலைகளை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் தானாகவே வேலை செய்யும். 7-இல் 0 0000 0010, அதாவது 16 பிட் ஐ2எஸ், சிப் ஸ்லேவ் (கன்ட்ரோலர் தரும் தாளத்துக்கு ஓடும்). 8-இல் 0 0001 1000 என்றால் நொடிக்கு 32,000 சாம்பிள். 16 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும், பறவைக்குத் தாராளம். கடைசியாக 9-இல் 1. இதற்குப் பிறகுதான் ஏடிசி எண்களைத் தரத் தொடங்கும். விமிட் பின்னில் (சப்ளையில் பாதி வோல்டேஜ் நிற்கும் இடம்) உள்ள கப்பாசிட்டர் சார்ஜ் ஆக நிறைய நேரம் எடுக்கும். முதல் ஒரு நொடிப் பதிவைத் தூக்கி எறியுங்கள். பெட்டி ஒலிக்கவும் வேண்டும் என்றால் அவுட்புட் பிட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் 0 ஆக்கித் திறங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'டொப்' என்று சத்தம் வரும்.

தூங்க வைக்கும்போது 9-இல் பூஜ்யம் எழுதி, பிறகு 6-இல் 0 1111 1111 எழுதுங்கள். விடியலுக்கு முன் எழுப்பினால் போதும், நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை.

எலெக்ட்ரட் மைக் இயங்க ஒரு சிறு வோல்டேஜ் வேண்டும். அதற்கு மைக் பயஸ் பின் அனலாக் சப்ளையின் முக்கால் பங்கு வோல்டேஜைத் தரும், 3.3 வோல்ட் கொடுத்தால் 2.5 அளவுக்கு வரும். மைக்கைக் கீழ்நோக்கி வையுங்கள். நம் மூடுபனி எந்தப் பெட்டிக்குள்ளும் நுழைந்துவிடும், போர்டுக்கு வார்னிஷ் அவசியம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடமானால் பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் செல்லை சார்ஜ் ஏற்றக் கூடாது. சார்ஜ் சர்க்யூட்டில் வெப்பம் பார்க்கும் தெர்மிஸ்டர் இருக்கட்டும். ரிசர்வ் காட்டுக்குள் வைப்பதானால் வனத்துறை அனுமதி வாங்கிய பிறகே.

சிப் பதிலே சொல்லவில்லையா? மோட் பின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறதா பாருங்கள். ஐ2சி முகவரி 0011010. சிஎஸ்பி பின் மேலே இழுக்கப்பட்டிருந்தால் 0011011. பதில் வந்தும் பூஜ்யங்களாகவே கொட்டினால் கிளாக் வருகிறதா என்று முதலில் ஸ்கோப்பில் பாருங்கள். அடுத்து 4-ஆம் ரிஜிஸ்டர்: ரீசெட்டானதும் மைக் மியூட்டில் இருக்கும், தேர்வு லைன் இன் பக்கம் இருக்கும்.