டர்போ டியூனிங்: முதலில் டைமிங் லைட், அப்புறம்தான் லேப்டாப்

என்னிடம் இருப்பது பழைய மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர் 16 வால்வு. (எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயக் கார்களில் பல வருடம் ஓடியதும் எஸ்டீம் இன்ஜின்தான். அதனால் கோவையில் இதைப் பிரித்துப் பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லை.) அதில் சின்ன டர்போ (எக்ஸாஸ்ட் விசையில் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) ஒன்றை மாட்டி, ஸ்பீடுயினோ ஈசியூ (பெட்ரோல் அளவையும் பொறி விழும் நேரத்தையும் தீர்மானிக்கும், நாமே மாற்றி அமைக்கக்கூடிய கம்ப்யூட்டர்) போட்டு, 7 பிஎஸ்ஐ பூஸ்டில் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஓட வைத்தேன். டர்போ மாட்ட இரண்டு வாரம் ஆனது. டியூன் செய்ய நான்கு மாதம், அதில் மூன்று மாதம் தண்டம். ஏன் என்பது படி 1இல் இருக்கிறது.

வயரிங், இன்ஜெக்டர் எல்லாம் முடிந்து வண்டி ஐடிலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். பிளக் ஒரு படி கோல்டாக (வெப்பத்தை வேகமாகக் கடத்தும் வகையாக) இருக்கட்டும், இடைவெளி 0.7 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வைட்பேண்ட் சென்சார் (எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜனை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையை அளப்பது) கட்டாயம். வண்டியோடு வந்த நேரோபேண்ட் சென்சார் பூஸ்டில் எதற்கும் உதவாது. வேலையை டைனோவில் (வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, சக்கரங்களை உருளைகள் மேல் ஓட்டி இழுவையை அளக்கும் மேடை) செய்யுங்கள். பைபாஸில் ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் லேப்டாப்பிலுமாக ஓட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

படி 1: ஈசியூ சொல்லும் டைமிங் உண்மையா?

டைமிங் என்றால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பு பொறி விழுகிறது என்பது. ட்யூனர்ஸ்டூடியோவில் (ஈசியூவை மாற்றி அமைக்கும் லேப்டாப் மென்பொருள்) அதை 10 டிகிரியில் லாக் செய்யுங்கள். டைமிங் லைட்டை (பொறி விழும்போதெல்லாம் பளிச்சிடும் விளக்கு) ஒன்றாம் சிலிண்டர் பிளக் வயரில் மாட்டி கிராங்க் புல்லியில் அடியுங்கள். 10 டிகிரி கோடு பாயின்டருக்கு நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ட்ரிக்கர் ஆங்கிளை (கிராங்க் சென்சார் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்லும் எண்) மாற்றி நேராக்குங்கள். இவ்வளவுதான்.

இவ்வளவில்தான் நான் விழுந்தேன். என் லைட் பின்னால் டயல் வைத்த விலை உயர்ந்த வகை; டயலைத் திருப்பிக் கோட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, டயலில் டிகிரியைப் படிக்க வேண்டும். என் காயில்கள் வேஸ்டட் ஸ்பார்க், அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று நினைத்துத்தான் அந்த டயல் கணக்குப் போடும். ஆகவே இன்ஜின் வேகத்தை இருமடங்கென்று எண்ணி, உண்மையான டைமிங்கை இரட்டிப்பாகக் காட்டும். லைட்டில் 10 வரும்வரை நான் ட்ரிக்கர் ஆங்கிளை இழுத்தேன். இன்ஜினில் இருந்தது 5.

அப்புறம் நடந்தது பெரிய கூத்து. பொறி தாமதமானதால் வண்டி மந்தம், இரவில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடுகிறது என்று நினைத்துப் பெட்ரோலை ஏற்றினேன். அளவுக்கு மீறிய ரிச்சில் (பெட்ரோல் கூடுதலில்) பிளக் கரி பிடித்து மிஸ்ஃபயர் ஆனது. எரியாத கலவையில் ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், வைட்பேண்ட் அதை லீன் என்றே காட்டும். நான் இன்னும் ஏற்றினேன். டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்தால் ஆயில் பெட்ரோல் பங்க் மாதிரி மணந்தது.

டயல் இல்லாத சாதாரண லைட்டே போதும், அதைத்தான் வாங்கச் சொல்வேன். புல்லியில் டிகிரிக் கோடுகளை வெள்ளை பெயின்ட்டில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். லாக் செய்தபடியே 4000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். கோடு இடம் பெயரக் கூடாது. வேகம் ஏற ஏற நான்கைந்து டிகிரி நகர்ந்தால் கிராங்க் சென்சாரின் இரண்டு வயரும் தலைகீழாக இருக்க வாய்ப்பு அதிகம். மாற்றிப் போட்டுவிட்டு ட்ரிக்கர் ஆங்கிளை மறுபடி முதலிலிருந்து சரிபாருங்கள்.

படி 2: பயந்த டைமிங்கில் பெட்ரோல்

லாக்கை எடுத்துவிட்டு, பூஸ்ட் வரும் பகுதியில் டைமிங்கை வேண்டுமென்றே குறைத்து வையுங்கள். என் இன்ஜினில் 150 கேபிஏ (உள்ளே போகும் காற்றின் மொத்த அழுத்தம்; 7 பிஎஸ்ஐ பூஸ்டில் வருவது இதுதான்), 4000 ஆர்பிஎம் என்ற ஈசியூ அட்டவணைக் கட்டத்தில் 12 டிகிரியில் தொடங்கினேன். ரொம்பவும் குறைத்தால் எரிதல் எக்ஸாஸ்டுக்குள் போய் டர்போ வேகும். ஆகவே அங்கே நீண்ட நேரம் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று விநாடி இழுப்பு, பிறகு ஆறவிடுங்கள்.

கலவை இலக்கு: ஐடிலிலும் நிதான ஓட்டத்திலும் லாம்டா 1 (காற்றும் பெட்ரோலும் மிச்சமின்றி எரியும் அளவு; குறைந்தால் ரிச், கூடினால் லீன்) பக்கம், முழு பூஸ்டில் 0.80 முதல் 0.82. அதிகப்படி பெட்ரோல் ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கிறது, நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து இன்ஜினைப் பாழாக்கும் தட்டல்) தள்ளிப்போகிறது. அதற்காக 0.72க்குக் கொண்டுபோகாதீர்கள். தீ பரவும் வேகம் குறைந்து, நீங்கள் வைத்த டைமிங் கணக்கே மாறிவிடும்.

படி 3: ஒவ்வொரு டிகிரியாக

இப்போது 1 டிகிரி ஏற்றுங்கள், ஒரு இழுப்பு, டைனோ காட்டும் டார்க்கை (முறுக்கு விசையை) பாருங்கள். கூடினால் இன்னொரு டிகிரி. கூடாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பங்க் பெட்ரோலில் பெரும்பாலும் டார்க் நிற்பதற்கு முன்பே நாக்கிங் வந்துவிடும். அது வந்த இடத்திலிருந்து 2 டிகிரி இறக்கி வையுங்கள். எனக்கு அந்தக் கட்டம் 17இல் முடிந்தது. உங்களுக்கு வேறு எண் வரும், இதைக் காப்பி அடிக்காதீர்கள்.

நாக்கிங்கைக் கேட்க நான் நம்புவது ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய ஒரு அடி செம்புக் குழாய். ஒரு முனையைச் சப்பையாக்கி ஓட்டை போட்டு இன்ஜின் பிளாக்கில் போல்ட் செய்து, மறுமுனையில் ரப்பர் ஹோஸ் மாட்டி, அதைக் காது மூடும் ஹெட்ஃபோனுக்குள் விட்டேன். ஆயில் டின்னுக்குள் கோலிக்குண்டு உருட்டியது போல ஒரு கிணுகிணுப்பு கேட்டால் உடனே காலை எடுங்கள். 74 மி.மீ. போருக்கு (சிலிண்டர் விட்டத்துக்கு) அந்த ஒலி 7.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். நாக் சென்சார் வைத்திருப்பவர்கள் ஃபில்டரை அங்கே வையுங்கள்.

படி 4: மறுபடி பெட்ரோல்

டைமிங் மாறியதும் லாம்டாவும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். படி 2இன் இலக்குக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். நகர்ந்தது அதிகமென்றால் நாக்கிங்கையும் மறுபடி கேளுங்கள். நான் மூன்று சுற்று போனேன்.

பின்சேர்க்கை: நண்பர் ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார், ‘அண்ணா, காற்று-பெட்ரோல் விகிதம் 11.8 வைத்தும் நாக் ஆகிறது.’ விசாரித்தால் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்காக ஈசியூவில் சம எரிதல் விகிதத்தை (லாம்டா 1க்கான காற்று-பெட்ரோல் விகிதம்) 13.5 என்று மாற்றியிருக்கிறார். அது தப்பில்லை. ஆனால் 11.8 என்பது எத்தனால் கலக்காத பெட்ரோலின் 14.7 அளவுகோலில்தான் லாம்டா 0.80. 13.5 அளவுகோலில் அது 0.87, பூஸ்டுக்கு ரொம்ப லீன். வைட்பேண்ட் கேஜ், ஈசியூ இரண்டையும் லாம்டாவுக்கே மாற்றிவிடுங்கள் தம்பி, எந்தப் பங்கில் எதை ஊற்றினாலும் எண் மாறாது. இ10இல் போட்ட பழைய மேப் (ஈசியூ அட்டவணை) என்றால் இ20க்குச் சுமார் 4 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவைப்படும்.

மாற்றியபின் கேஜும் லேப்டாப்பும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா பாருங்கள். என்னுடையதில் 0.02 வித்தியாசம் இருந்தது. வைட்பேண்டின் கிரவுண்டை பாடியிலிருந்து எடுத்து ஈசியூ கிரவுண்டிலேயே சேர்த்ததும் போய்விட்டது.