முகப்பருவுக்கு வீட்டிலேயே மதிப்பெண் போடுவது எப்படி?

பருவுக்கு மருந்து போட ஆரம்பித்தால் எல்லோருக்கும் வரும் கேள்வி, "குறைஞ்சிருக்கா இல்லையா?" தினமும் கண்ணாடி பார்க்கிற கண்ணுக்கு அது பிடிபடாது. என் தங்கைக்கு நான் போட்டுப் பார்ப்பது 1997-இல் வந்த 'குளோபல் ஆக்னி கிரேடிங் சிஸ்டம்'. பேப்பரும் பேனாவும் போதும். செல்ஃபி பார்த்து மார்க் சொல்லும் ஆப் எதுவும் வேண்டாம். தோலுக்கு அடியில் இருக்கும் கட்டியைப் படம் காட்டாது.

முகத்தைக் கழுவி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காருங்கள். நேர் வெளிச்சத்தில் சின்ன மேடுகள் தெரியாது.

ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. நெற்றி, வலக் கன்னம், இடக் கன்னம் தலா 2. மூக்கு, முகவாய் தலா 1. மார்பும் மேல்முதுகும் சேர்த்து 3. அந்தந்த இடத்தில் இருப்பதிலேயே மோசமான பருவை மட்டும் பாருங்கள்: கரும்புள்ளி, வெண்புள்ளி என்றால் 1, சிவந்த பரு 2, சீழ் வைத்தது 3, ஆழமான கட்டி 4, எதுவும் இல்லையென்றால் 0. இரண்டையும் பெருக்கி, ஆறு இடத்தையும் கூட்டுங்கள்.

குழப்பம் வருவது கறையில்தான். நம் மாதிரி மாநிறத் தோலில் பரு ஆறிய பிறகும் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். அதற்கு மார்க் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். மேடு தட்டினால் பரு, சமமாக இருந்தால் கறை. அழுத்தினால் வலித்து, உள்ளே உருண்டையாகத் தெரிந்தால் கட்டி. கிள்ளிப் பார்க்கவே கூடாது.

ஒரு கணக்கு: நெற்றியில் வெண்புள்ளி 2 × 1 = 2, இப்படியே வலக் கன்னத்தில் சீழ் 6, இடக் கன்னத்தில் சிவந்த பரு 4, மூக்கில் கரும்புள்ளி 1, முகவாயில் கட்டி 4, முதுகில் சிவந்த பரு 6. மொத்தம் 23. 18 வரை லேசானது, 19 முதல் 30 வரை நடுத்தரம், 31 முதல் 38 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. உச்சம் 44.

பிற்சேர்க்கை: "பரு பாதியாகக் குறைந்தும் மார்க் அப்படியே இருக்கிறதே" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இந்த முறை எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, அதனால்தான். கூடவே முகத்தின் ஒரு பாதியில் சிவந்த பருவையும் சீழ்ப் பருவையும் எண்ணி வையுங்கள். ஜப்பானில் ஹயாஷி குழு 2008-இல் வெளியிட்ட அளவுப்படி 5 வரை லேசு, 6 முதல் 20 நடுத்தரம், 50 வரை கடுமை. எப்போதும் ஒரே பாதியை எண்ணுங்கள். மாதம் ஒருமுறை போதும். பரு மருந்து பலன் காட்டவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

அப்புறம், கட்டி இருந்தால் மொத்தம் 10 வந்தாலும் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். குழித் தழும்பு விழும் அபாயம் அதில் அதிகம்.