ஒரு லைன் போனால் இன்னொன்று: டூயல் வான் ரவுட்டரை வீட்டில் அமைப்பது எப்படி?

பெங்களூரில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஏப்ரல், மே மாத மாலை மழை நன்றாகத் தெரியும். மரக்கிளை முறிந்து கேபிள் மேல் விழும், நெட் போய்விடும். மற்ற மாதங்களில் ரோடு தோண்டும்போது ஃபைபர் அறுபடும். இதற்காகவே பலர் இரண்டாவது இணைப்பு வாங்கி வைக்கிறார்கள். ஆனால் இரண்டும் தனித்தனி வைஃபையாக இருந்தால், மீட்டிங் நடுவில் லேப்டாப், போன், டிவி என்று ஒவ்வொன்றையும் நாம்தான் மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தைத் தானாகச் செய்வதுதான் டூயல் வான் ரவுட்டர், அதாவது வெளியிலிருந்து வரும் இணைய லைனைச் செருகும் துளை (வான் போர்ட்) இரண்டு உள்ள ரவுட்டர்.

அது இரண்டு விதமாக வேலை செய்யும். ஒரு லைன் செத்தால் மட்டும் அடுத்ததுக்குத் தாவுவது ஃபெயில்ஓவர். இரண்டையும் எப்போதும் பயன்படுத்திப் பாரத்தைப் பங்கிடுவது லோடு பேலன்சிங். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ஃபெயில்ஓவரை மட்டும் சரியாக அமைத்துவிடுங்கள். வீட்டுக்கு முக்கியமாகத் தேவைப்படுவது அதுதான்.

படி 1: இரண்டாவது லைனைத் தேர்ந்தெடுப்பது

கம்பெனி வேறு என்பதால் வழியும் வேறு என்று நினைக்க வேண்டாம். மொட்டை மாடிக்குப் போய், கேபிள் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே கம்பத்திலிருந்து வந்தால் ஒரே கிளை இரண்டையும் அறுத்துவிடும். ஒன்று ஃபைபர், மற்றது 5ஜி ஏர்ஃபைபர் (டவரிலிருந்து கேபிள் இல்லாமல் வரும் இணைப்பு) அல்லது சிம் போடும் 4ஜி ரவுட்டர் என்று இருப்பது நல்லது.

படி 2: ரவுட்டர்

வீட்டில் இருப்பது ஆசுஸ் ரவுட்டர் என்றால் முதலில் அதன் செட்டிங்ஸைப் பாருங்கள். பல மாடல்களில் ஒரு லேன் போர்ட்டை (வீட்டுக் கருவிகளைச் செருகும் துளை) இரண்டாவது வான் போர்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வாங்குவதென்றால் பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் டிபி-லிங்க் இஆர்605, மைக்ரோடிக் ஹெக்ஸ் போன்றவற்றைக் கேட்டுப் பாருங்கள். இவை இரண்டிலும் வைஃபை கிடையாது. பழைய வைஃபை ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) போட்டு இதன் பின்னால் இணைக்க வேண்டும்.

படி 3: முகவரி மோதலைத் தீர்ப்பது

கேபிளைச் செருகும் முன் இதை முடித்துவிடுங்கள். இரண்டு கம்பெனிகளின் பாக்ஸும் (லைனோடு வரும் மோடம் அல்லது ரவுட்டர்) 192.168.1.1 என்ற ஒரே ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் ஒரு கருவியின் எண்) இருப்பது சர்வசாதாரணம். அப்படி இருந்தால் எந்தப் பக்கம் எந்த லைன் என்று ரவுட்டருக்குப் பிரித்தறிய முடியாது. ஒரு பாக்ஸை 192.168.1.1 என்றே விட்டுவிட்டு, இன்னொன்றை 192.168.10.1 என்று மாற்றுங்கள். புதிய ரவுட்டரின் லேன் முகவரிக்கு மூன்றாவதாக 192.168.50.1 கொடுங்கள். அப்புறம் இரண்டு பாக்ஸிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் போன் பழைய வைஃபையிலேயே ஒட்டிக்கொண்டு ரவுட்டருக்கு வராமலே போகும்.

இப்போது ஒவ்வொரு பாக்ஸின் லேன் போர்ட்டிலிருந்தும் புதிய ரவுட்டரின் வான் 1, வான் 2-க்கு ஒரு கேபிள். அவ்வளவுதான்.

படி 4: லைன் செத்ததை ரவுட்டர் எப்படித் தெரிந்துகொள்ளும்?

மொத்த அமைப்பும் இந்த ஒரு செட்டிங்கில்தான் நிற்கிறது. தெருவில் ஃபைபர் அறுந்தாலும் உங்கள் வீட்டு பாக்ஸுக்குக் கரண்ட் இருக்கும், அதற்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள கேபிளில் விளக்கு எரியும், பாக்ஸை பிங் செய்தால் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி அனுப்பினால்) அது பதிலும் சொல்லும். கேபிளையோ பாக்ஸையோ மட்டும் பார்க்கும் ரவுட்டர், லைன் நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு தாவாமல் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே வெளியே இருக்கும் முகவரிகளை பிங் செய்யச் சொல்லுங்கள். டிபி-லிங்கில் இதற்கு ஆன்லைன் டிடெக்‌ஷன் என்று பெயர். 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர்), 8.8.8.8 (கூகுள்) என்ற பொது சர்வர் முகவரிகள் இரண்டையும் கொடுக்க இடமிருந்தால் இரண்டையும் கொடுத்து, இரண்டும் பதில் தராதபோது மட்டும் லைன் போனதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 5 விநாடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து 3 தோல்வி என்று வைத்தால் சுமார் 15 விநாடியில் தாவிவிடும். இதை ரொம்பக் குறைத்தால், ஒரு பிங் தவறியதற்கெல்லாம் அங்கும் இங்கும் குதித்துக்கொண்டே இருக்கும். முதல் லைன் திரும்பி வந்ததும் உடனே அதற்கு மாறாமல் சில நிமிடம் பொறுக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

டிஎன்எஸ்ஸையும் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) மறக்க வேண்டாம். ஒரு கம்பெனியின் டிஎன்எஸ் சர்வர் அடுத்த கம்பெனியின் லைன் வழியாகக் கேட்டால் பதில் தராமல் போகலாம். ரவுட்டரின் டிஎச்சிபி பகுதியில் (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் செட்டிங்), பிங் சோதனைக்குக் கொடுக்காத 9.9.9.9, 8.8.4.4 போன்ற பொது டிஎன்எஸ் முகவரிகளைக் கொடுத்துவிடுங்கள்.

படி 5: சோதித்துப் பார்ப்பது

வான் கேபிளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அது எந்த ரவுட்டருக்கும் தெரிந்துவிடும். ஃபைபர் பாக்ஸின் பின்னால் பெரும்பாலும் பச்சை நிற முனையுடன் மெல்லிய ஒயர் ஒன்று இருக்கும். முனையைப் பிடித்து நேராக இழுங்கள், ஒயரை மடக்காதீர்கள், நுனியைத் தொடாதீர்கள். கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது, அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. கழற்றியதும் பாக்ஸில் லாஸ் (LOS, அதாவது சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பாகும், ரவுட்டருக்குப் போகும் கேபிளின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். தெருவில் ஃபைபர் அறுந்தால் இருக்கும் நிலையும் இதேதான்.

கழற்றும் முன்பே லேப்டாப்பில் 9.9.9.9-க்கு பிங் ஓடவிட்டிருங்கள். சோதனைக்குக் கொடுத்த முகவரிகளைச் சில ரவுட்டர்கள் அந்தந்த லைனோடு கட்டிவைத்துவிடும் என்பதால் வேறு முகவரிதான் சரி. பதில் நின்று, சில விநாடியில் மறுபடி வர வேண்டும். தாவும்போது வெளியுலகுக்குத் தெரியும் உங்கள் ஐபி முகவரி மாறுவதால், வீடியோ கால் உறைந்து மீளும், ஆபீஸ் விபிஎன் மறுபடி இணைய வேண்டியிருக்கும். இது இயல்புதான்.

படி 6: லோடு பேலன்சிங், தேவையென்றால்

100 எம்பிபிஎஸ் லைன் இரண்டு இருந்தாலும் ஒரே டவுன்லோடு 200-ல் வராது. ரவுட்டர் பங்கிடுவது ஒவ்வொரு இணைப்பையும் முழுசாக ஏதோ ஒரு லைனுக்குத்தான். ஒருவர் படம் பார்ப்பது ஒரு வழியிலும் இன்னொருவர் மீட்டிங் மற்றொரு வழியிலும் போகும். ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறப்பதால் அதில் கூட்டுத்தொகை தெரியக்கூடும். லைன்கள் 200, 50 என்று இருந்தால் விகிதத்தை 4:1 என்று கொடுங்கள். பேங்க் தளங்கள் ஐபி நடுவில் மாறினால் வெளியே தள்ளிவிடலாம். ஒரு தளத்துக்குப் போகும் எல்லா இணைப்பையும் ஒரே லைனில் வைக்கும் செட்டிங்கைக் கட்டாயம் ஆன் செய்யுங்கள். இரண்டாவது லைனில் மாத டேட்டா அளவு குறைவு என்றால் இந்தப் படியே வேண்டாம்.

படி 7: கரண்ட்

கரண்ட் போனால் இரண்டு லைனும் சேர்ந்தே போகும். இரண்டு பாக்ஸ், ரவுட்டர், வைஃபை ரவுட்டர் நான்கையும் இன்வர்ட்டர் லைனில் போடுங்கள். இன்வர்ட்டர் இல்லாத வாடகை வீடு என்றால் மினி யுபிஎஸ் போதும். வாங்கும் முன் ஒவ்வொரு அடாப்டரிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒன்று 12 வோல்ட், இன்னொன்று 9 வோல்ட் என்று இருக்கலாம், மாற்றிச் செருகினால் கருவி கெட்டுவிடலாம்.